விரத வீட்டில் ஒரு பெரட்

எங்கள் வீட்டுக்கு வந்த பெரட்டை ஒருவரும் பெரட் என்று அழைத்ததில்லை. வந்த நாளே அது கீரி ஆகிவிட்டது. நீண்ட உடம்பு, கட்டைக் கால்கள், மூக்கை நிலத்தில் உரசிக்கொண்டு வளைந்து வளைந்து ஓடும் ஓட்டம். யாழ்ப்பாணத்தில் வேலிக்கரையில் கீரியைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் அது கீரிதான். இது வேறு இனம் என்று ஆரம்பத்தில் இரண்டொரு பேருக்கு விளக்கிப் பார்த்தேன். "ஓம் ஓம், வெள்ளைக்காரன்ரை கீரி" என்றார்கள். பிறகு நானும் விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நானும் மனைவியும் கனடாவில், மோர்னிங்சைட்டில், ஆறாம் மாடியில், ஓர் அறை அப்பார்ட்மென்டில் இருந்தோம். எனக்கு மிசிசாகாவில் வேலை. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் கிச்சினில் நாள் முழுக்க அவித்த கோழித் துண்டுகளைத் தட்டுகளில் வைத்து மூடுவேன். என்னோடு நின்ற போலந்துக்காரன் ஒருவன் ஊரோடு போய்விடுவதென்று முடிவு செய்தான். சோபாவுக்கு ஆள் பிடித்தான், டிவிக்கு ஆள் பிடித்தான், பெரட்டை எடுக்க மட்டும் ஒருவரும் வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பார்த்தான். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் குறைகளில் முதலாவது அதுதான் என்று மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

கூட்டோடு காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்தவள் கூட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"உது என்னப்பா? எலியோ?"

"எலி இல்லை. ஒருத்தன் ஊருக்குப் போறான், அவன் தந்தது."

"தந்தா வாங்கிறதே? நாளைக்கு ஆனையைத் தந்தாலும் பிடிச்சுக்கொண்டு வருவியளோ?"

"வேண்டாமெண்டா திருப்பிக் குடுக்கிறன்."

"வைச்சிருங்கோ. ஆனா நான் உதைத் தொடமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்."

தொடமாட்டேன் என்றவள் அந்த மாதம் முடிவதற்குள் அதைத் தன் ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டு வீடியோவில் படம் பார்த்தாள். கழுத்துப் பக்கத்தால் அதன் தலை மட்டும் வெளியே தெரியும். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத்தான் விழும்.

பெரட் என்பது பெரும்பாலும் நித்திரை கொள்ளும் சீவன். பகல் முழுக்கச் செத்தது போலக் கிடக்கும். எழும்பினால் கொஞ்ச நேரம் பேய் பிடித்தது போல ஆடும். முதுகை வளைத்துக்கொண்டு பக்கவாட்டில் துள்ளும், சுவரில் போய் மோதும், தொண்டைக்குள் கொக் கொக் என்று ஒரு சத்தம் போடும். அது அதன் சந்தோஷம் என்று தெரிய எங்களுக்குச் சில நாள் எடுத்தது. அதற்கென்று ஒரு மணமும் உண்டு. வருபவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள் என்று மனைவி சாம்பிராணி போடுவாள். சாம்பிராணியும் பெரட்டும் கலந்ததுதான் எங்கள் வீட்டு மணமாக இருந்தது.

பெரிய கள்ளனும்கூட. சொக்ஸ், சவர்க்காரக் கட்டி, ரிமோட்டின் ரப்பர், என் வேலை அடையாளக் காட், எது கிடைத்தாலும் இழுத்துக்கொண்டு போகும். சோபாவின் அடித்துணியைக் கிழித்து உள்ளே ஒரு களஞ்சியம் வைத்திருந்தது. மாதத்துக்கு ஒரு முறை சோபாவைப் புரட்டி எங்கள் பொருட்களை மீட்டெடுப்போம். அதுவும் பக்கத்தில் நின்று, தன்னுடைய சொத்துப் பறிபோவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பூனைக்குட்டிகளுக்கு விற்கும் காய்ந்த உருண்டைகளைப் போட்டால் போதும், தட்டு மட்டும் வெறுமையாக இருக்கக்கூடாது என்று போலந்துக்காரன் சொல்லியிருந்தான். நான் போட்டால் அது பாதி தின்னும், பாதியைச் சிதறும். மனைவி அந்த உருண்டைகளைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, மசித்து, விரல் நுனியில் எடுத்து வாயில் தீத்துவாள். அவள் விரலில் இருந்து தின்பதற்காகவே நித்திரையால் எழும்பும்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. கலியாணம் கட்டிச் சில வருடங்கள் பார்த்துவிட்டு டொக்டரிடம் போனோம். இரண்டு பேரிலும் ஒரு பிழையும் இல்லை என்றார்கள். பிழை இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கும் ஆசை இருந்தது. வாயால் சொன்னால் அவள் இன்னும் நொந்துபோவாள் என்று சொல்லாமல் இருந்தேன்.

பக்கத்துக் கட்டடத்தில் மனைவிக்குத் தூரத்து உறவான அன்ரி ஒருவர் இருந்தார். நல்ல மனிசி. நாங்கள் கனடாவுக்கு வந்த முதல் கிழமை எங்களுக்குச் சமைத்துப் போட்டவர். ஆனால் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவருக்கு எங்கே நோகுமோ அங்கேதான் போய் விழும். கந்தசஷ்டி பிடிக்கச் சொன்னது அவர்தான்.

"ஆறு வருசம் விடாமப் பிடி பிள்ளை. என்ரை மூத்தவன் அப்பிடிப் பிறந்தவன்தான். ஆனா ஒரு வருசமும் பிசகக்கூடாது. பிசகினா முதலிலையிருந்து தொடங்கவேணும்."

மனைவி பிடித்தாள். ஐப்பசி அமாவாசைக்கு அடுத்த நாள் தொடங்கினால் ஆறு நாளும் ஒரு நேரம் பாலும் பழமும் மட்டும். ஆறாம் நாள் சூரன்போர் பார்த்து, ஏழாம் நாள் காலை சாப்பிட்டு விரதம் முடிக்கும் பாறணை. அந்த நாட்களில் வீட்டுக்குள் மச்சம் வரக்கூடாது. மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றுக்கும் சேர்த்து நாங்கள் சொல்வது மச்சம். பிரிட்ஜைக் கழுவி, மச்சம் காய்ச்சும் சட்டிகளைப் பெட்டியில் கட்டிப் பல்கனியில் வைத்துவிடுவாள். நான் வேலை முடிந்து கோழி மணத்தோடு வந்தால் நேரே குளியலறைக்குத்தான் போகவேண்டும். குளித்து முடியும்வரை கிச்சின் பக்கம் எட்டிப்பார்க்கவும் அனுமதி இல்லை. பகலில் நான் வேலையிடத்தில் கோழி தின்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். வெளியில் தின்பது விரதத்தில் சேராது. எங்கள் ஆட்கள் எல்லோர் வீட்டிலும் அதுதான் சட்டம்.

பெரட் வந்த வருடம் அவளுக்கு ஆறாவது சஷ்டி. கடைசி வருடம். அந்த ஐப்பசி முழுக்க அவளுடைய முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு நாளை தபாலில் வந்துவிடும் என்று இருப்பவர்களுடைய முகத்தில் அதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் நாள் அன்ரி வந்தார். அவரும் விரதம். சுவாமிப் படத்துக்குப் பூ வைத்துவிட்டுத் திரும்பும்போது கிச்சின் மூலையில் இருந்த பூனைச் சாப்பாட்டுப் பையைக் கண்டார். எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இஞ்சை பார் பிள்ளை, உதிலை கோழிப் படமெல்லோ போட்டுக்கிடக்கு."

மனைவி வந்து பார்த்தாள். அவ்வளவு காலமும் கையால் ஊறவைத்துத் தீத்தியவளுக்கு அது கோழி என்று படவில்லை. எனக்கும் படவில்லை. மண் நிறத்தில் மூக்குத்தித் திருகு அளவில் இருக்கும் உருண்டையைப் பார்த்து யார் கோழி என்று நினைப்பார்கள்?

"மச்சத்தை வீட்டிலை வைச்சுக்கொண்டு விரதம் பிடிச்சென்ன, விட்டென்ன? கடைசி வருசமும் அதுவுமா. ஆறு வருசமும் பழுதாப் போகும்." கூட்டுக்குள் சுருண்டு கிடந்ததை அன்ரி எட்டிப் பார்த்தார். "பிள்ளை இல்லாத குறைக்கு உதையே வளர்க்கிறியள்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்வரை வந்ததை விழுங்கினேன். மனைவி பையின் வாயைக் கட்டி என்னிடம் நீட்டினாள்.

"காருக்குள்ளை கொண்டுபோய் வையுங்கோ."

"அது என்னத்தைத் தின்கிறது?"

"ஆறு நாள்தானே அப்பா. நான் இருக்கிறேல்லையே? அதுக்குப் பாலும் பழமும் கிடக்கு. புட்டும் குழைச்சு வைக்கிறன்."

பை என் கார் டிக்கிக்குள் போனது. புட்டும் பாலும் வாழைப்பழமும் சேர்த்துக் குழைத்துப் பெரட்டின் தட்டில் வைத்தாள். மாலையில் தட்டு வெறுமையாக இருந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். "பாத்தியளே, சைவக் கீரி" என்று சிரித்தாள். விரதகாலத்தில் அவள் சிரிப்பது குறைவு. அன்ரிக்குப் போன் எடுத்தும் சொன்னாள்.

மூன்றாம் நாள் அது ஆடவில்லை. குளிர் தொடங்கிவிட்டது, அதுதான் கிடந்து உறங்குகிறது என்று இருவரும் பேசிக்கொண்டோம்.

நான்காம் நாள் காலை வேலையிடத்துக்குப் போன் வந்தது. அவள் எனக்கு அங்கே போன் எடுப்பதே இல்லை. சூப்பர்வைசர் கூப்பிட்டதும் ஊரில் யாரோ செத்துப்போனார்கள் என்றுதான் நினைத்தேன்.

"எழும்புதில்லை அப்பா. பின்னங்காலை இழுக்குது. வாயைக் கையாலை பிறாண்டுது. வாங்கோ."

நானூற்றொன்று நெடுஞ்சாலையில் வந்த வழி எனக்கு ஞாபகம் இல்லை. வந்தபோது அவள் நிலத்தில் இருந்தாள். மடியில் ஒரு துவாய், துவாய்க்குள் அது. விரதத்தால் அவளுக்கே எழும்பி நிற்கத் தெம்பில்லை. இரண்டு பேரையும் சேர்த்துத்தான் காருக்குள் கொண்டுபோனேன்.

பிளாசா ஒன்றுக்குள் இருந்த மிருக டொக்டர் இளம் பெண். அதன் பல் முரசில் இனிப்புக் களி போல எதையோ பூசினார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தது. பிறகுதான் என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். மனைவி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்: பால், வாழைப்பழம், அரிசிமாவில் ஒரு சாப்பாடு. டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். இது இறைச்சி மட்டுமே தின்று வாழும் பிராணி, வேறு எதிலும் இதனால் உயிர் பிடிக்க முடியாது, சில மணித்தியாலம் சாப்பிடாமல் இருந்தாலே இதற்கு ஆபத்து என்று நிதானமாகச் சொன்னார். வெறும் கோழியை அவித்து மசித்து, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்கவேண்டும். இன்றைக்குச் சாப்பிடத் தொடங்காவிட்டால் நம்பிக்கை வைக்கவேண்டாம்.

"ஆனா தட்டிலை வைச்சதெல்லாம் சாப்பிட்டதே" என்று திரும்பி வரும் வழியெல்லாம் மனைவி சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சோபாவைப் புரட்டினேன். களஞ்சியத்துக்குள் புட்டு கட்டி கட்டியாகக் காய்ந்து கிடந்தது. வாழைப்பழம் கறுத்து, பாதி சொக்ஸில் ஒட்டியிருந்தது. அது எங்களை ஏமாற்றவில்லை. தின்ன முடியாததை, ஒருவேளை பிறகு தின்ன முடியுமோ என்று கொண்டுபோய் வைத்திருக்கிறது. மனைவி அந்தப் புட்டுக் கட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கோழி வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றாள்.

"நீர் இதை விடும். நான் கார்ப் பார்க்கிங்கிலை வைச்சுக் குடுக்கிறன். வீட்டுக்குள்ளை கொண்டரேல்லை. ரின்னிலை அடைச்ச இறைச்சி ஏதும் விக்கும், பாப்பம்."

"உங்கடை கையிலை அது தின்னாது."

"தின்னும்."

"தின்னாது. உங்களுக்கும் தெரியும்."

"ஆறாம் வருசமப்பா. இன்னும் ரண்டு நாள்தான் கிடக்கு" என்றேன்.

அவள் பல்கனிக் கதவைத் திறந்தாள். குளிர் உள்ளே அடித்தது. பெட்டியின் கட்டை அவிழ்த்து, மச்சம் காய்ச்சும் சட்டிகளில் சின்னதை எடுத்து வந்து அடுப்பில் வைத்தாள். கீழே இறங்கிப்போய்க் கோழி வாங்கி வந்தேன்.

சுவாமிப் படத்தின் முன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அவள் அணைக்கவுமில்லை, திரை இழுக்கவுமில்லை. நான்கு நாளாகச் சோறு தொடாதவள் கோழியை அவித்து, எலும்பு நீக்கி, அவித்த தண்ணீரிலேயே விட்டு மசித்தாள். அந்த மணம் வீடு முழுக்க நிறைந்தது. எனக்கு வாயில் நீர் ஊறியது. அதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது. அவள் நிலத்தில் இருந்து, அதைத் துவாயோடு இடது கையில் ஏந்தி, விரல் நுனியில் எடுத்து வாயோரம் பூசினாள். முதல் தடவை நக்கவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. "தின்னடா ராசா" என்றாள். அவள் யாரையும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பிறகு ஒரு சின்ன நாக்கு வெளியே வந்தது.

நான் பல்கனிக்குப் போய்விட்டேன். கொஞ்சம் அழுதேன். பெரட்டுக்காக மட்டுமில்லை.

அவள் விரதத்தை விட்டுவிட்டேன் என்று சொல்லவில்லை. சாப்பிடவுமில்லை. முன்போலவே பாலும் பழமுமாக இருந்தாள். ஆனால் ஆறாம் நாள் கோயிலுக்கு வரமாட்டேன் என்றாள். எங்கள் கோயில் அப்போது ஒரு பழைய வெயார்ஹவுஸ். சூரன்போர் அதன் பார்க்கிங் லொட்டில்தான். ஐந்து வருடமும் முன் வரிசையில் நின்று கும்பிட்டவளைக் காணவில்லை என்றதும் அன்ரி போன் எடுத்தார். போனில் அவர் கத்தியது எனக்குச் சோபாவரை கேட்டது.

"ஏன் பிள்ளை வரேல்லை? சுகமில்லையே?"

"வீட்டிலை மச்சம் காய்ச்சினனான் அன்ரி."

"என்ன? ஆருக்கு?"

"பசியோடை கிடந்த ஆளுக்கு" என்றுவிட்டுப் போனை வைத்தாள்.

அன்ரி பல மாதம் எங்கள் பக்கம் வரவில்லை. அடுத்த ஐப்பசியில் மனைவி சஷ்டி பிடிக்கவில்லை. முதலிலிருந்து தொடங்கலாமே என்று நான் கேட்கவில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை.

தொண்ணூறுகள் முடியும் நேரத்தில் ரூஜ் பக்கம் சின்ன டவுன்ஹவுஸ் ஒன்றுக்கு மாறினோம். பெரட்டும் வந்தது. கிழடாகிவிட்டது. பல் விழுந்து, ஒரு கண் பால் நிறத்தில் இருந்தது. ஆட்டமெல்லாம் எப்போதோ நின்றுவிட்டது. அதற்கென்று அந்தச் சின்னச் சட்டி எப்போதும் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும். வெள்ளிக்கிழமையானாலும் திருவெம்பாவையானாலும் அதில் கோழி அவியும். நாங்கள் அந்த நாட்களில் மரக்கறிதான் சாப்பிட்டோம். அது வேறு கணக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை அன்ரி புது வீடு பார்க்க வந்தார். மூத்தவன் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். அன்ரிக்கு முழங்கால் வருத்தம். கதிரையைப் பிடித்துப் பிடித்து மெதுவாக இருந்தார். அறைகளை, யன்னலை, பின் வளவை எல்லாம் புகழ்ந்தார். மேலே வெறுமையாக இருந்த சின்ன அறையைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவு காலத்தில் மனிசி கொஞ்சம் மாறிவிட்டார் என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு தேத்தண்ணி குடித்து முடியும்வரைதான் தாங்கியது.

மனைவி நிலத்தில் இருந்து பெரட்டுக்குத் தீத்திக்கொண்டிருந்தாள். அன்ரி அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"நான் மனவருத்தத்திலைதான் சொல்லுறன் பிள்ளை. அண்டைக்கு அந்த ஆறாம் வருசத்தை மட்டும் ஒழுங்கா முடிச்சிருந்தியெண்டா, இண்டைக்கு மேலை அந்த அறையிலை ஒண்டு படுத்திருக்கும்."

நான் எழும்பிவிட்டேன். இந்த முறை விழுங்குவதில்லை என்று முடிவெடுத்துத்தான் எழும்பினேன். மனைவி நிமிரவில்லை. விரலில் இருந்ததை அது நக்கி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"இதைப் பட்டினி போட்டுக் கொன்றுபோட்டு எனக்கொரு பிள்ளை பிறந்திருந்தா, அதை நான் என்னெண்டு அன்ரி தூக்கிறது?"

குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டாள். எத்தனையோ வருடம் தனக்குள் கேட்டுப் பார்த்த கேள்வி என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவளோடு ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியவில்லை.

அன்ரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பெரட் தலையை ஆட்டி ஆட்டி அடுத்த விரலைத் தேடியது. கோழி மசித்த கோப்பை மேசையில், அன்ரியின் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. மனைவி எழும்பப் பார்த்தாள்.

"நீ இரு பிள்ளை" என்றார் அன்ரி.

வெள்ளிக்கிழமை மச்சச் சட்டிக்குப் பக்கத்திலும் போகாத மனிசி, இரண்டு கையாலும் அந்தக் கோப்பையை எடுத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, அதை மனைவியின் பக்கத்தில் வைத்தார்.